மூன்று கால்களும் இரண்டு தாள்களும்

பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சிறிய டிரான்சிஸ்டரைக் கையில் எடுப்பவருக்கு அதில் படிக்கக் கிடைப்பது ஒரு வரி, சில நேரம் இரண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு என்று அரை உருளையாக இருக்கும் அந்தக் கறுப்புத் துண்டின் தட்டை முகத்தில் எண் அச்சிட்டிருக்கும். கீழே மூன்று கம்பிக் கால்கள். எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று அவற்றுக்குப் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று வழங்கும். எந்தக் கால் எது என்பதை மட்டும் உறையின்மேல் எவரும் எழுதுவதில்லை. எழுத இடமும் இல்லை. அதை அறியத் தரவுத்தாளைப் புரட்ட வேண்டும். கடை வழக்கில் டேட்டா ஷீட். ஒரே எண்ணைத் தேடினால் இரண்டு தாள்கள் கிடைக்கின்றன, இரண்டும் கால்களை எதிரெதிர் வரிசையில் காட்டுகின்றன என்றால் எதை நம்புவது?

இது கற்பனை வினா அன்று. 2222 என்ற எண்ணின் வரலாறே சான்று. அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனம் 1962ஆம் ஆண்டில் 2என்2222 என்ற டிரான்சிஸ்டரை அறிமுகப்படுத்தியது. டிஓ-18 எனப்படும் சிறிய உலோகக் குப்பி அதன் உறை. குப்பியின் விளிம்பில் நாக்குப்போல ஒரு நீட்சி இருக்கும். நாக்கை ஒட்டிய கால் எமிட்டர், நடுவில் பேஸ், எஞ்சியது கலெக்டர். இதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. பின்னர் விலை மலிவான டிஓ-92 என்ற பிளாஸ்டிக் உறை பரவியபோது, பிஎன்2222ஏ என்ற பெயரில் அதே டிரான்சிஸ்டர் பிளாஸ்டிக்கில் வந்தது. தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்க, இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். மோட்டரோலா பி2என்2222ஏ என்று ஒன்றையும் விற்றது. அதன் குறைகடத்திப் பிரிவு 1999இல் பிரிந்து ஆன் செமிகண்டக்டர் ஆன பின்னும் அந்தப் பெயர் தொடர்ந்தது. அதில் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பெயரில் கூடியிருப்பது நடுவில் ஒரு '2' மட்டும். மின்பண்புகள் ஏறக்குறைய ஒன்றே. கால்கள் மட்டும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல இடவலம் மாறியவை. கடைகளிலோ இரண்டுக்கும் ஒரே பெயர்: டபுள் டூ டபுள் டூ.

பலபொருள் ஒருசொல் என்று தமிழ் இலக்கணத்தார் சொல்வது இதைத்தான். சொல் ஒன்று, பொருள் பல. எது பொருத்தம் என்பதை இடம்நோக்கிக் கொள்ள வேண்டும். மொழியில் அந்த இடம் பெரும்பாலும் தானே உதவி செய்துவிடும். 'மா' என்றால் மரமா, விலங்கா, நிலவளவையா என்பதைப் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுக்கும். டிரான்சிஸ்டருக்குப் பக்கத்துச் சொல் கிடையாது.

முலுண்ட் மேற்கில், ரயில் நிலையத்துக்கும் லால் பகதூர் சாஸ்திரி சாலைக்கும் இடையில், பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் தென்காசிப் பக்கத்தவர், அறுபதைத் தாண்டியவர். வால்வு ரேடியோவின் கடைசிக் காலத்தில் தொழில் பழகி, பெட்டி டிவியில் நன்றாகச் சம்பாதித்து, தட்டை டிவி வந்தபின் மிக்ஸி, யுபிஎஸ், மின்தூக்கிப் பலகை, தண்ணீர்த்தொட்டிக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று கிடைத்ததைப் பார்ப்பவர். உதவிக்கு அக்காள் மகள் வருகிறாள். முலுண்டிலேயே பிறந்தவள், மின்னணுவியல் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், படிப்பில் ஆங்கிலம்.

இருவரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் அமர்வார்கள். அவர் வடக்கு நோக்கி, அவள் தெற்கு நோக்கி. இது ஒரு சிறிய செய்தியாகத் தோன்றலாம், அன்று. 'லெஃப்ட் கால்' என்று அவள் சொன்னால் அது அவருக்கு வலம். ஆகவே அவர் இடமும் வலமும் சொல்வதில்லை. 'மேற்குக் காலைப் பிடி' என்பார். டிரான்சிஸ்டரின் தட்டை முகத்தைத் தெற்கே திருப்பி வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். அப்படி வைத்தால் மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று கால்களும் இருவருக்கும் ஒன்றாகிவிடும். சோற்றுத்தட்டைக் கிழக்கே நகர்த்து என்றும், கொஞ்சம் வடக்கே தள்ளி உட்கார் என்றும் பேசுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு அது இயல்பான பேச்சு. முலுண்ட் மேற்கில் அந்தப் பேச்சுக்கு ஊன்றுகோலும் உண்டு: மேற்கே தேசியப் பூங்காவின் மலை, கிழக்கே தண்டவாளம். தென்காசியிலும் மலை மேற்கேதான்.

இடம், வலம் என்பவை பார்ப்பவரோடு சேர்ந்து திரும்புகிற சொற்கள். தரவுத்தாள்களின் பழைய குழப்பங்களில் பாதி இதிலிருந்து பிறந்தது. வால்வுகளின் காலத்தில் கால்களைக் கீழிருந்து பார்த்த படமாகத்தான் வரைவார்கள். பற்றவைப்பவர் பெட்டியைக் கவிழ்த்துவைத்து வேலை செய்பவர். அவர் கண்ணுக்குத் தெரிவது அடிப்பக்கம். உலோகக் குப்பி டிரான்சிஸ்டர்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றின. நம் நாட்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த எஸ்எல் 100, எஸ்கே 100 ஆகியவற்றை ஒரு தலைமுறை மாணவர்கள் கல்லூரி ஆய்வகங்களில் இப்படித்தான் அறிந்தார்கள்: அடியிலிருந்து பார், நாக்கருகே எமிட்டர், உறையோடு ஒட்டியது கலெக்டர். ஐசிகள் வந்தபோது படம் மேலிருந்து பார்ப்பதாக மாறியது. 'கீழ்ப்பார்வை' என்ற சிறு குறிப்பு ஒளிநகலில் மங்கிப்போன ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு கால்களைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது மிக எளிது. அந்த வகைப் பிழைக்குத் தாளைக் குற்றம் சொல்ல முடியாது. 2222இன் சிக்கல் வேறு. இங்கே பார்வை ஒன்றே, பொருள்தான் இரண்டு.

ஒரு மே மாதத்தில் அருகிலிருந்த ஒரு பழைய சொசைட்டிக் கட்டடத்திலிருந்து மேல்தொட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை வந்தது. மும்பையில் மாநகராட்சித் தண்ணீர் பெரும்பாலான கட்டடங்களுக்கு நாள் முழுதும் வருவதில்லை; குறித்த சில மணி நேரத்தில் கீழ்த்தொட்டியில் பிடித்து, பம்பு வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். மலைக்கு அப்பால் துளசி, விகார் என்று இரண்டு ஏரிகள் இருக்கின்றன என்பது முலுண்ட்வாசியின் குழாய்க்குத் தெரியாது. பலகை பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. தொட்டி நிரம்பியதைத் தண்ணீரில் நிற்கும் கம்பிகள் சொல்ல, 555 ஐசி ஒன்று அதைக் கேட்டு, 1 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு டிரான்சிஸ்டரின் பேஸுக்கு மின்னோட்டம் தரும் அல்லது நிறுத்தும். டிரான்சிஸ்டர் 12 வோல்ட் ரிலேயை இழுக்கும் அல்லது விடும். ரிலே இழுத்திருக்கும் வரை பம்பு ஓடும். அந்த டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. மின்சுற்று அட்டையில் அதன் இடத்தில் 2222 என்று அச்சிட்டு, அரைவட்டக் குறியும் போட்டிருந்தார்கள்.

கடைக்காரர் அன்று டோம்பிவிலியில் உறவினர் வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தார். பெண் தனியாக இருந்தாள். லாமிங்டன் சாலையிலிருந்து வாங்கி வந்த உறை ஒன்றில் டபுள் டூ டபுள் டூ ஐம்பது கிடந்தன. முலுண்டிலிருந்து தாதருக்குப் போய், மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கிச் சில்லறை உதிரிகளை மொத்தமாக வாங்கி வருவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. உறைமேல் கடைக்காரப் பையன் கையால் எழுதிய எண் மட்டும் இருந்தது. துண்டின்மேல் இருந்த அச்சு, தேய்ந்த லேசர் எழுத்து. 222ஏ என்ற பகுதி தெரிந்தது, முன்னெழுத்துத் தெரியவில்லை. அவள் முறையாகவே நடந்துகொண்டாள். கைப்பேசியில் இரண்டு தரவுத்தாள்களைத் திறந்தாள். ஒன்று எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றது; மற்றொன்று கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றது. இரண்டில் எது என்று தீர்மானிக்க ஒரு சோதனையும் செய்தாள். 5 வோல்ட் மின்வழங்கி, ஒரு எல்இடி, இரண்டு மின்தடைகள். முதல் தாளின்படி இணைத்தாள். பேஸில் மின்னோட்டம் தந்தபோது எல்இடி எரிந்தது, எடுத்தபோது அணைந்தது. ஆகவே முதல் தாளே சரி என்று முடிவுசெய்து, அட்டையின் அரைவட்டக் குறிக்குப் பொருந்தப் பற்றவைத்து, மாலையில் வாட்ச்மேனோடு மாடிக்குப் போய் மாட்டிவிட்டு வந்தாள். பம்பு ஓடியது.

விடியற்காலையில் அது நிற்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. மொட்டைமாடியின் வடிகால் துவாரத்தை உதிர்ந்த சருகு அடைத்திருந்தது. தண்ணீர் தேங்கி, மாடிக்கதவின் கீழ் இடுக்கு வழியாகப் படிக்கட்டில் இறங்கி, மேல்தளத்து வீடு ஒன்றின் வாசலுக்குள் புகுந்தது. அந்த வீட்டில் தாயும் மகளும் ஆயத்த ஆடைக்குத் துண்டுக் கணக்கில் தைத்துக்கொடுப்பவர்கள். தரையில் பழைய புடவை விரித்து அடுக்கிவைத்திருந்த துணிக்கட்டு நனைந்து சாயம் ஒன்றில் ஒன்று ஏறிவிட்டது. கீழ்த்தொட்டி வற்றி, பம்பு தண்ணீரில்லாமல் ஓடி, மோட்டார் கருகுவதற்குள் வாட்ச்மேன் விழித்து மெயினை அணைத்ததுதான் எஞ்சிய நல்வினை. அதற்குள் அந்தக் காலைக்கான தண்ணீரில் பெரும்பகுதி தெருவுக்குப் போய்விட்டது. கோடைக்கால மும்பையில் வழிந்தோடும் தண்ணீரைக் கண்டால் மக்களுக்கு வரும் கோபம், பொருள் நஷ்டத்துக்கு வரும் கோபத்தைவிடப் பெரிது.

முதலில் எல்லோரும் ஐயப்பட்டது கம்பிகளை, பிறகு ரிலேயை. கடைக்காரர் பலகையைக் கடைக்குக் கொண்டுவந்து, மேசைமேல் 12 வோல்ட் கொடுத்து, 555இன் வெளியீடு அணைந்திருக்கும் நிலையில் ரிலேச் சுருளின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்றது. 'ஏம்மா, இது முழுசா விடவும் இல்ல, முழுசா பிடிக்கவும் இல்ல. திருப்பிப் போட்ட டிரான்சிஸ்டர் இப்படித்தான் பேசும்' என்றார்.

அந்த 4 வோல்ட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. இந்த விவகாரத்தின் சாரம் அதில் இருக்கிறது. டிரான்சிஸ்டரில் எமிட்டரும் கலெக்டரும் ஒரே இனப் பொருளால் ஆனவை. ஆகவே இடம் மாற்றிப் போட்டாலும் அது செத்துவிடுவதில்லை. வேலை செய்யும், ஆனால் மோசமாக. நேராக இருக்கும்போது பேஸில் தரும் மின்னோட்டத்தைப்போல நூறு, இருநூறு மடங்கு கலெக்டரில் கிடைக்கும். திருப்பிப் போட்டால் சில மடங்குதான். எமிட்டரில் மாசுப்பொருளை மிகச் செறிவாகக் கலந்திருப்பார்கள், கலெக்டரில் குறைவாக. எமிட்டரின் பரப்பு சிறியது, கலெக்டரின் பரப்பு பெரியது. ஒருவர் கொடுக்கவும் மற்றவர் வாங்கவும் என்று அளவெடுத்துச் செய்த அமைப்பு அது. இந்தப் பலகையில் 555 தாராளமாக 10 மில்லிஆம்பியர் வரை பேஸுக்குத் தந்தது; ரிலேக்குத் தேவை 30. மூன்று மடங்கே போதும். ஆகவே திரும்பிக் கிடந்த டிரான்சிஸ்டரும் ரிலேயை இழுத்துவிட்டது.

விடும்போதுதான் வினை. எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள சந்தி எதிர்த்திசை மின்னழுத்தத்தை அதிகம் தாங்காது. 2222ஏயின் தரவுத்தாள் அந்த எல்லையை 6 வோல்ட் என்று சொல்லும்; கலெக்டர்-பேஸ் சந்திக்கு 75 வோல்ட். இந்த ஒன்றில் இரண்டு தாள்களும் ஒத்துப்போகின்றன. நேராகப் போட்டிருந்தால் 12 வோல்ட் கலெக்டர் மீது விழும். அதற்கு அது தூசு. திருப்பிப் போட்டதால் எமிட்டர் மீது விழுந்தது. 7 வோல்ட் அளவில் அந்தச் சந்தி உடைந்து, எவரும் கேட்காமலே மின்னோட்டத்தை விட்டது. 12இல் 7ஐயும், பேஸிலிருந்து கலெக்டருக்கு இறங்கும் அரை வோல்ட் சொச்சத்தையும் கழித்தால் மீதி சுருளில் நிற்கும். 4 வோல்ட் ரிலேயைப் புதிதாக இழுக்கப் போதாது. ஆனால் ஒருமுறை ஒட்டிக்கொண்ட ரிலேயைப் பிடித்துவைக்கப் போதும். இழுக்க வேண்டிய மின்னழுத்தம் வேறு, விடுகிற மின்னழுத்தம் வேறு. பிந்தையது மிகக் குறைவு.

அவளுடைய சோதனை ஏன் பொய் சொல்லவில்லை என்பதும் இதில் விளங்கும். 5 வோல்ட்டில் எந்தச் சந்தியும் உடையாது. எல்இடிக்குச் சில மில்லிஆம்பியர் போதும். திரும்பிய டிரான்சிஸ்டரே அதைத் தந்துவிடும். 'இது டிரான்சிஸ்டராக வேலை செய்கிறதா?' என்று அந்தச் சோதனை கேட்டது. ஆம் என்று உண்மையான விடையும் பெற்றது. 'எந்தப் பக்கம் எமிட்டர்?' என்று அது கேட்கவே இல்லை. ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் எவ்வளவோ நேரம் செலவிட்டு விளக்கப்படுகிற ஒன்றை ஒரு பம்பு சில மணி நேரத்தில் விளக்கிவிட்டது.

சொசைட்டியின் செக்ரட்டரி எழுத்தில் விளக்கம் கேட்டார். நஷ்டத் தொகை யார் கணக்கில் என்று கமிட்டி தீர்மானிக்க வேண்டும். பராமரிப்பு வேலை தொடருமா என்பதும் அதில் அடக்கம். கடிதத்தை இந்தியில் எழுத வேண்டியவள் அந்தப் பெண். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். 'பார்ட் தவறானது' என்று அவள் தொடங்கினாள். அவர் மறுத்தார், பார்ட் நல்ல பார்ட், இன்னும் உயிரோடு இருக்கிறது. 'கம்பெனி தாள் தவறு.' அதுவும் இல்லை. ஒவ்வொரு தாளும் தன் பொருளுக்குச் சரியானதே. 'கால் மாறிப்போச்சு' என்றாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'மாறிப்போகல தாயி. மாத்திப் போட்டோம். அப்படி எழுது' என்றார்.

தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே ஒரு வல்லெழுத்து இரட்டித்திருக்கிறது, அவ்வளவுதான். மாறு என்றால் செய்தவர் எவரும் தேவையில்லை. மழை பெய்வதுபோலக் கால்கள் தாமே மாறிக்கொள்ளும். மாற்று என்றால் ஒரு கை வேண்டும். கண்ணாடி உடைந்தது, பால் பொங்கியது, கோப்பு தொலைந்தது என்று பேசிப் பழகிய நமக்குத் தன்வினை எவ்வளவு வசதியான புகலிடம் என்பது தெரிந்ததே. அலுவலகத் தமிழ் முழுதும் அதன் நிழலில் வாழ்கிறது. கடைக்காரர் இலக்கணம் படித்தவர் அல்லர். 'போட்டோம்' என்ற பன்மையில் அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டதைப் பெண் கவனித்தாளா என்று தெரியவில்லை. அன்று அவர் கடையிலேயே இல்லை.

தையற்காரத் தாய்க்கு உரிய தொகையை அவர் மூன்று தவணையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். செக்ரட்டரி கடிதத்தில் தொகை இருந்த வரியை மட்டும் படித்தார் என்று கேள்வி.

கால்களின் வரிசை ஏன் உலகம் முழுதும் ஒன்றாக இல்லை? உறையின் வடிவத்தை வரையறுப்பது ஒரு தரம். அதன் கால்களுக்கு வேலை ஒதுக்குவது வேறொரு முடிவு. டிஓ-92 என்ற பெயர் உடலை மட்டும் சொல்கிறது. மோட்டரோலாவின் பழைய உறைப் படத்தில் இந்த ஒரே உடலுக்கு 'ஸ்டைல்' என்ற பெயரில் முப்பதுக்கு மேற்பட்ட கால்வரிசைகள் பட்டியலிடப்பட்டிருக்கும்: ஸ்டைல் 1 என்றால் எமிட்டர், பேஸ், கலெக்டர்; 17 என்றால் கலெக்டர், பேஸ், எமிட்டர்; 14 என்றால் எமிட்டர், கலெக்டர், பேஸ். உள்ளே இருக்கும் சில்லின் அடிப்பக்கமே கலெக்டர். அது எந்தக் காலின்மேல் அமர்கிறதோ அந்தக் கால் கலெக்டராகிறது. நடுக்காலில் அமர்த்தினால் ஒரு வரிசை, ஓரக்காலில் அமர்த்தினால் இன்னொன்று. முன்பே சந்தையிலிருந்த ஒன்றுக்கு மாற்றாக விற்க வேண்டுமானால் அதன் வரிசையைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு முடிவும் அன்றைக்கு நியாயமாகவே இருந்திருக்கும்.

பெயரிடும் முறைகளும் மூன்று. அமெரிக்கப் பதிவில் 2என். ஐரோப்பாவில் முதலெழுத்துப் பொருளைச் சொல்லும், இரண்டாம் எழுத்து வேலையைச் சொல்லும்: ஏ என்றால் ஜெர்மானியம், பி என்றால் சிலிக்கான், சி என்றால் தாழ் அதிர்வெண், எஃப் என்றால் உயர் அதிர்வெண். ஆகவே ஏசி 128 ஜெர்மானியம், பிசி 547 சிலிக்கான். ஜப்பானியர் 2எஸ் என்று தொடங்குவார்கள். ஆனால் உறையில் இடமில்லாததால் அதை விட்டுவிட்டு, 2எஸ்சி1815ஐ வெறும் சி1815 என்றே அச்சிடுவார்கள். பகுதி மறைந்து விகுதி மட்டும் நிற்கும் சொல் போன்றது அது. ஐரோப்பியப் பிசி 547 கலெக்டர், பேஸ், எமிட்டர்; அமெரிக்க 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர்; ஜப்பானியச் சி1815 எமிட்டர், கலெக்டர், பேஸ். நம் மாணவர்கள் எஃப்எம் அலைபரப்பி செய்ய வாங்கும் பிஎஃப் 494இல் நடுக்கால் எமிட்டர். பிசி 182க்கும் பிசி 182எல்லுக்கும் வேறுபாடு அந்த எல் மட்டுமே, அது குறிப்பது கால்வரிசையை. முதலில் சொன்ன மூன்று ஓசைகளின் ஒழுங்கில் பழகிப்போனவர் இந்த எல்லை ஒரு அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்.

பேஸ் என்ற பெயரே ஒரு தொல்லெச்சம். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த முதல் டிரான்சிஸ்டரில் ஜெர்மானியக் கட்டி ஒன்றின்மேல் இரண்டு கூர்முனைகள் அழுந்தியிருந்தன. அந்தக் கட்டிதான் அடித்தளம், ஆகவே பேஸ். இன்றைய டிரான்சிஸ்டரில் பேஸ் எதற்கும் அடியில் இல்லை. நடுவே, தாளைவிட மெல்லிய படலமாக இருக்கிறது. பொருள் இடம்பெயர்ந்தபின்னும் சொல் அங்கேயே நிற்கிறது. தமிழ்ப் பாடநூல் 'அடிவாய்' என்று பெயர்த்தபோது அந்த எச்சத்தையும் சேர்த்தே பெயர்த்துவிட்டது.

தாள்கள் முரண்படும்போது பொருளையே கேட்பது தவிர வழியில்லை. கடைக்காரர் கேட்கும் முறை பெரும்பாலான பழைய பழுதுபார்ப்பவர்கள் அறிந்ததே. மீட்டரை டயோடு நிலையில் வைத்து, ஒரே முனையை ஒரு காலில் ஊன்றி, மற்ற இரண்டையும் தொட வேண்டும். எந்தக் காலிலிருந்து இரண்டு பக்கமும் மின்னோட்டம் போகிறதோ அது பேஸ். சிவப்பு முனை அங்கே இருந்தால் என்பிஎன், கறுப்பு இருந்தால் பிஎன்பி. இதில் எவருக்கும் தடுமாற்றம் வராது. அடுத்து எமிட்டர். பேஸ்-எமிட்டர் எண்ணிக்கை பேஸ்-கலெக்டர் எண்ணிக்கையைவிடச் சில மில்லிவோல்ட் கூடுதலாக இருக்கும். ஆனால் கையில் பிடித்த சூட்டிலேயே அந்த வேறுபாடு தடுமாறும். அதை மட்டும் நம்புவது சரியன்று. மீட்டரில் எச்எஃப்இ துளைகள் இருந்தால் இரு விதமாகவும் செருகிப் பார்க்கலாம். ஒருபுறம் 180, மறுபுறம் 6 என்று காட்டினால் பெரிய எண் வந்த நிலையே சரி.

அவருக்கு மிகவும் பிடித்த முறை வேறு. 12 வோல்ட் அடாப்டர், தொடரில் 10 கிலோ ஓம். என்பிஎன் என்றால் நேர்முனையை ஓரக்காலுக்கும் எதிர்முனையை பேஸுக்கும் கொடுத்து, அந்த இரண்டு கால்களுக்கும் இடையே அளப்பது. கலெக்டராக இருந்தால் ஏறக்குறைய முழு 12 வோல்ட்டும் நிற்கும். எமிட்டராக இருந்தால் 7இலோ 8இலோ இடறி விழும். பம்பை நிறுத்தாமல் வைத்த அதே குறைபாடுதான் இங்கே அடையாளம். மின்னோட்டம் அரை மில்லிஆம்பியர் அளவே என்பதால் கணநேரத்தில் கெடுதல் இல்லை. எனினும் நெடுநேரம் இப்படி உடைத்துவைத்தால் டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறைந்துபோகும். மார்க்குஸ் ஃப்ரெயெக் என்ற ஜெர்மானியர் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்த சோதனைக் கருவியின் மலிவுப் பிரதிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. மூன்று கால்களையும் எப்படிச் செருகினாலும் படம் வரைந்து காட்டிவிடும். பெண் அதை வாங்கச் சொன்னாள். வாங்கினார்கள். ஆனால் பெட்டி டிவியின் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சிலவற்றில் டயோடும் மின்தடையும் உள்ளேயே பொதிந்திருக்கும். அவற்றைச் செருகினால் கருவி வேறு ஏதோ பெயர் சொல்லும். டார்லிங்டன் இணைகளிலும் எண்கள் பழகியபடி வரா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் அந்த உறையையும், கடையில் பல வருடங்களாகக் கலந்து கிடந்த 2222 தட்டையும் மேசைமேல் கொட்டிப் பிரித்தார்கள். அவர் வழக்கம்போல வடக்கு நோக்கி, அவள் தெற்கு நோக்கி. தட்டை முகம் தெற்கே. ஒவ்வொன்றாக 12 வோல்ட்டில் தொட்டு, 'மேற்கு' என்றோ 'கிழக்கு' என்றோ அவர் எமிட்டரின் திசையைச் சொல்ல, அவள் இரண்டு மாத்திரை டப்பாக்களில் போட்டாள். டப்பாக்களின் மூடியில் ஆங்கிலத்தில் எழுதப்போனவள், நிறுத்தி, தமிழில் 'எமிட்டர் மேற்கு', 'எமிட்டர் கிழக்கு' என்று எழுதினாள். லாமிங்டன் சாலை உறையின் ஐம்பதும், பற்றவைத்து எடுத்த ஒன்று உட்பட, கிழக்கு டப்பாவுக்குப் போயின. பழைய தட்டிலிருந்தவை பெரும்பாலும் மேற்கு. மூன்று மட்டும் இரண்டிலும் சேரவில்லை. அவற்றில் பேஸே நடுவில் இல்லை, கிழக்கோரத்தில் இருந்தது. அச்சு முற்றாக அழிந்திருந்தது. எப்போதோ எந்த டேப்ரிக்கார்டரிலிருந்தோ கழற்றிய ஜப்பானியச் சரக்காக இருக்கலாம் என்றார் அவர். அவள் மூன்றாவது டப்பா ஒன்றைத் தேடி எழுந்தாள்.